அம்மாவின் நற்சான்று

பதினான்கு வயதில் நான் துப்பாக்கி சுடப் போனதற்குக் காரணம் வீரம் அல்ல, சோம்பல். நாங்கள் ஓக்லாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. குளிர்காலத்துக்கு எல்லாரும் ஏதாவது ஒரு விளையாட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். நெட்போலில் இரண்டாம் நாளே பந்து முகத்தில் பட்டுக் கண்ணாடி உடைந்தது. ஹொக்கியில் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். விளையாட்டு ஆசிரியை பட்டியலின் கடைசி வரியைக் காட்டி, இது வேண்டுமானால் பார், படுத்துக்கொண்டே செய்யலாம் என்றார். படுத்துக்கொண்டு விளையாடும் விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உடனே பெயர் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எதைக் கண்டு நாட்டை விட்டு வந்தோமோ அதையே பிள்ளை கையில் எடுக்கப் போகிறாளே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் கேட்டது வேறு.

"படுத்துக்கொண்டோ?"

"ஓம் அப்பா. பாய் விரிச்சுத் தருவினம்."

"அப்ப விழுந்து முறிக்க வழியில்லை," என்றார். அப்பா நகரில் ஓர் அலுவலகத்தில் படவரைஞர். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதன் சுவர் எங்கே முதலில் வெடிப்பு விடும் என்று தேடுவது அவர் பழக்கம்.

அம்மா ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர், இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுவதும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு உள்ளே ஒரு பெனியன் போட்டுக்கொண்டு போ என்றதோடு சரி.

துப்பாக்கிக் கழகத்தின் மண்டபம் பிளாக்ஹவுஸ் பேயில், கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரையோடு நீளமாகக் கிடந்தது. ஒரு முனையில் நாங்கள் வரிசையாகப் பாயில் குப்புறப் படுப்போம். இருபத்தைந்து யார் தூரம் தள்ளி, மறுமுனையில் வெளிச்சம் போட்டுக் குறி பார்க்கும் மட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு மட்டையில் பத்து வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு குண்டு, நட்டநடுவில் பட்டால் பத்துப் புள்ளி, மொத்தம் நூறு. அவ்வளவுதான் விளையாட்டு. இடது கையில் தோல் வாரை இறுக்கிக் கட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்த வேண்டும். குண்டு எப்போது போனது என்று சுட்டவளுக்கே தெரியக் கூடாது. அவசரப்பட்டு இழுத்தால் ஏழு எட்டு என்று போய்விடும்.

எனக்கு அது பிடித்துப்போனதற்கு உண்மையான காரணம், அங்கே யாரும் கதைப்பதில்லை என்பதுதான். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால் என் ஆங்கிலத்தை நடித்துக் காட்ட இரண்டு பேர் காத்திருந்தார்கள். மண்டபத்தில் காதை மூடிக்கொண்டு படுத்தால் ஒரு மணி நேரத்துக்கு நானும் மட்டையும்தான். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியாது. நான் பொல்லாத கோபக்காரி. அதை வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

கழகத்தின் செயலாளர் ஒரு பெண்மணி. வார நாட்களில் சைக்கிளில் தபால் கொடுப்பார், சனிக்கிழமைகளில் எங்களை மேய்ப்பார். முதல் நாள் என் மட்டையில் எழுபத்தொன்று. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டைகள் எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்து கிடக்கின்றன, அப்படியென்றால் பிழை துப்பாக்கியின் குறியில், உன்னில் இல்லை என்றார். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அதற்குப் பிறகு எண்பத்திரண்டு, எண்பத்தொன்பது, தொண்ணூற்று நான்கு என்று ஏறிக்கொண்டு போனேன். எனக்குப் பதினாறு நடந்தபோது ஓக்லாந்தின் இளையோர் அணிக்கு நான்கு பேரைத் தெரிவு செய்தார்கள். நாலாவது பெயர் என்னுடையது. ஜனவரியில் தென்தீவில் நாடளாவிய போட்டி.

புள்ளிகளை அப்பாவுக்கு மட்டும்தான் சொல்வேன். சனிக்கிழமைகளில் ஹில்ஸ்பரோவுக்குத் திரும்பும் வழியில் காரில் அவர் கேட்பார், நான் சொல்வேன், அவர் "ம்" என்பார். அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கதவைத் திறந்ததும் சாப்பிட்டாயா என்பது ஒன்றுதான் கேள்வி. நான் சுடப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

இனி எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறத்தியார் முன்னால் தாய் தன் பிள்ளையைப் புகழக் கூடாது. புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும். பார்த்துப் படுவது கண்ணூறு என்றால் சொல்லிப் படுவது நாவூறு, அதிலும் பெற்ற தாயின் நாக்குத்தான் ஆகக் கெட்டது என்பார்கள். ஆகவே அப்போது ஓக்லாந்தில் இருந்த சில தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் கூடினால், தாய்மார் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் பிள்ளைகளை மட்டம் தட்டுவார்கள்.

"என்ரை பெடியன் புத்தகத்தைத் தொடுறதே இல்லை." அவன் வகுப்பில் முதலாம் ஆள்.

"உங்கடையாவது பரவாயில்லை. எங்கடையள் ஒரு சொல்லுக் கேக்காதுகள்."

"இவளைப் பாருங்கோவன், ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது." இது அம்மா, என்னைப் பற்றி. அந்த நேரத்தில் நான் போட்ட தேத்தண்ணியைத்தான் எல்லாரும் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. "சும்மா சொல்லாதேங்கோ, அவள் நல்ல பிள்ளையெல்லே" என்று உடனே மறுத்துவிட வேண்டும். தாய் தாழ்த்த வேண்டும், கேட்பவர் தூக்கி நிறுத்த வேண்டும். நாங்களும் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததால் ஒருவரும் மனம் நோவதில்லை.

பதினாறு வயதானால் துப்பாக்கிக்குத் தன் பெயரில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அது இருந்தால்தான் கழகம் எனக்கென்று ஒதுக்கிய துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கலாம், பயணத்தில் கொண்டுபோகலாம். லைசென்ஸ் இல்லாதவளைத் தென்தீவுக்கு அழைத்துப்போக முடியாது என்று செயலாளர் முன்பே சொல்லிவிட்டார். எழுத்துப் பரீட்சையில் நான் ஒரு பிழையும் விடவில்லை. அப்பா என் அறை அலமாரிக்குள் இரும்புப் பெட்டி ஒன்றை வைத்து, சுவரோடு சேர்த்து ஆணி முடுக்கி, தானே தொங்கிப் பார்த்து அசையவில்லை என்று திருப்திப்பட்டார். மிச்சம் ஒன்றுதான் இருந்தது. பொலிஸ் வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைப் பார்க்கும், பிறகு நெருங்கிய உறவினர் ஒருவரைத் தனியாக இருத்தி, இந்தப் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று விசாரிக்கும்.

வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். அப்பா வேலையில். சீருடையைக் கண்டதும் அம்மாவின் முகம் வெளுத்தது. எங்கள் ஊரில் பொலிஸ் படலையைத் திறந்தால் நல்ல செய்தியோடு திறப்பதில்லை. ஆனால் அந்த மனிதர் வாசலில் குனிந்து, சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார். அதோடு அம்மா ஆளே மாறிவிட்டார். அவரை நல்ல கதிரையில் இருத்தி, காலையில் பொரித்து வைத்த ரோல்ஸைத் தட்டில் அடுக்கி, தேத்தண்ணியும் கொடுத்து, என்னை அறைக்குள் போகச் சொன்னார். நான் போகாமல் நடையில் நின்றேன்.

பிள்ளையின் குணம் எப்படி என்று அவர் கேட்டார். அம்மாவின் ஆங்கிலம் திருத்தமான ஆங்கிலம், அதில் ஒரு குறையும் இல்லை.

"மோசமான கோபக்காரி," என்றார் அம்மா. "கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துவாள். வீடே அதிரும்."

"சொன்னதைக் கேட்பாளா?"

"ஒரு சொல் கேட்க மாட்டாள்."

"பொறுப்பானவளா?"

"பொறுப்பா? இந்த வருடம் மட்டும் வீட்டுத் திறப்பை மூன்று தடவை தொலைத்திருக்கிறாள்."

அவர் இடைக்கிடை பேனாவை நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மாவும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்படிச் சொல்லாதீர்கள், நல்ல பிள்ளையாகத்தானே தெரிகிறாள் என்று அவர் சொல்ல வேண்டிய இடம் அது. பாவம், அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இன்னொரு ரோல்ஸும் எடுத்தார்.

நடையில் நின்ற எனக்கு அதில் ஒரு வார்த்தைகூட உறுத்தவில்லை என்பதுதான் பெரிய வேடிக்கை. வழக்கத்தைவிட அம்மா கொஞ்சம் அடக்கமாகவே தாழ்த்தினார் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டபோது, "நல்ல மனுசன், எல்லாத்தையும் வடிவா எழுதினவர்," என்று அம்மா மெச்சினார். மூவரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரியின் குணநலன் குறித்துக் கவலைகள் தெரிவிக்கப்பட்டிருப்பதால் இப்போதைக்கு லைசென்ஸ் வழங்க இயலவில்லை என்று எழுதியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செயலாளருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் விசாரித்துவிட்டுத் திருப்பி எடுத்தார். குரலில் இரக்கம்.

"வீட்டில் ஏதாவது பிரச்சினையா, செல்லம்? உன் அம்மாவே உன்னைப் பற்றிப் பயப்படுகிறாராமே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடையில் நின்று கேட்ட ஒவ்வொரு சொல்லையும் அந்த மனிதரின் காதால் மறுபடி கேட்டேன். அணியின் பெயர்களை இறுதியாக அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட விடவில்லை. கத்தினேன். இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்து நான் சம்பாதித்ததை ஒரு தேத்தண்ணி நேரத்தில் அழித்துவிட்டீர்கள் என்றேன். அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். வீடு அதிர்ந்தது.

வெளியில் அம்மா அப்பாவிடம் சொல்வது கேட்டது. "பாத்தீங்களே? நான் பொய்யே சொன்னனான்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இருமினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "இஞ்சாரும், அவன் வெள்ளைக்காரன். நீர் சொன்னதை உள்ளபடியே எடுத்திட்டான். இன்னொருக்கா வரச் சொல்லிக் கேப்பம். இந்த முறை நல்லதைச் சொல்லும்."

"நல்லதெண்டால்?"

"நல்ல பிள்ளை எண்டு சொல்லும். அவ்வளவுதானே."

செயலாளர் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போய், அந்த மனிதரை இன்னொரு தடவை வரச் சம்மதிக்க வைத்தார். அப்பா சாப்பாட்டு மேசையில் ஒத்திகை வைத்தார். அவர் பொலிஸ்காரர், அம்மா சாட்சி. உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று அப்பா ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டு, "பிழையில்லை," என்றார். அப்பா மறுபடி கேட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குள்ளை பரவாயில்லை." மூன்றாம் தடவை கேட்டதும் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றும் மறுநாளும் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை திறந்தவெளிப் பயிற்சி, ஆல்பனிக்கு அப்பால் ஒரு பண்ணையின் பின்புறத்தில். அப்போது அந்தப் பக்கம் பழத்தோட்டங்களும் மாடுகளும்தான். துறைமுகப் பாலத்தைத் தாண்டியதும் அப்பா காரின் வேகத்தைக் குறைத்தார்.

"உனக்கு முந்தி ஒரு பெடியன் பிறந்தவன். தெரியுமே?"

"தெரியாது."

"பத்து மாதம். கொழுகொழு எண்டு இருப்பான். ஒரு கலியாண வீட்டிலை கொம்மா அவனைத் தூக்கிப் பிடிச்சு, என்ரை பிள்ளையைப் போல ஒரு பிள்ளை இந்த ஊரிலை இல்லை எண்டு சொன்னவ. எல்லாருக்கும் கேக்கச் சொன்னவ. அடுத்த கிழமை காய்ச்சல். மூண்டு நாள்தான்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்கள் அதை நம்புறீங்களோ அப்பா?"

"நான் நம்பேல்லை. மூளைக்காய்ச்சல் எண்டு டொக்டர் சொன்னவர். ஆனா கொம்மா அதுக்குப் பிறகு தன்ரை வாயாலை ஒரு நல்லதும் சொன்னதில்லை. உன்னைப் பிறந்த அண்டைக்குப் பாத்திட்டு, கறுத்து மெலிஞ்சு கிடக்கு எண்டவ. நீ அப்ப நல்ல நிறமாய், நிறையாய் இருந்தனீ."

அவமானமாக இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கையெழுத்தைப் போன்ற சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை அது என் உயிரைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைப்பது. வீட்டுக்குப் போனதும் லைசென்ஸ் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட முடிவு செய்தேன்.

சொன்னேன். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை அந்தாள் வாற நேரம் நீ வீட்டிலை நிக்கக் கூடாது," என்றார். "கடைக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வா. அவர் போன பிறகு வந்தால் காணும்."

செவ்வாய்க்கிழமை பாண் வாங்கினேன். மூலையில் இருந்த டெயரி என்ற சின்னக் கடை ஐந்து நிமிட நடைதான். அம்மா அதை யோசிக்கவில்லையா, யோசித்தும் விட்டுவிட்டாரா என்று இன்றைக்கும் தெரியாது. திரும்பி வந்தபோது பொலிஸ் கார் வாசலில் நின்றது. வீட்டைச் சுற்றிப் போய், திறந்திருந்த முன்னறை யன்னலுக்குக் கீழே, செடிகளுக்கு நடுவில் குந்தினேன். வெட்கம் கெட்ட வேலைதான். கேளாமல் விலகிப் போயிருந்தால் என் வாழ்க்கையில் ஒன்று குறைந்திருக்கும்.

"எங்கள் வழக்கத்தில் தாய் தன் பிள்ளையைப் புகழ்வதில்லை," என்று அம்மா தொடங்கினார். வகுப்பில் பேசும் குரல். நான் அதைக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. "அன்று உங்களுக்குச் சொன்னது பாதி. இன்று மற்றப் பாதியைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன்."

கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"எனக்கு வேலையில் கை நோகும். காலையில் துணி பிழிய முடியாது. இரண்டு வருடமாக நான் எழும்புவதற்கு முன் அவள் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். ஒரு போட்டியில் அவளுடைய குண்டு ஒன்று தவறிப் பக்கத்துப் பிள்ளையின் மட்டையில் பட்டது. ஒருவரும் காணவில்லை. தானே கை உயர்த்திச் சொன்னாள். அதனால் தோற்றாள்."

அப்பாவுக்கு மட்டும் சொன்ன கதை அது.

"கோபம் வரும் என்றேன். உண்மை. ஆனால் எண்களைக் கேளுங்கள். எழுபத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்தொன்பது, எண்பத்தாறு. அந்தக் கிழமை அவளுக்குக் காய்ச்சல். பிறகு தொண்ணூற்று நான்கு." அம்மா சொல்லிக்கொண்டே போனார். இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள், ஒன்றையும் விடவில்லை, எதையும் பார்த்து வாசிக்கவுமில்லை. "இதில் இரண்டு தடவை மட்டும் எண்பத்து மூன்று, எண்பத்தைந்து என்று விழுந்தது. அந்த இரண்டு காலையும் அவள் என்னோடு சண்டை பிடித்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவள் என்னோடு சண்டை பிடிப்பதே இல்லை. வெள்ளி பிடிப்பாள், ஞாயிறு பிடிப்பாள், சனி இல்லை. கோபத்தை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை அவள். ஒரு துப்பாக்கியை அவளிடம் கொடுக்க நான் பயப்படவில்லை."

பேனா கடதாசியில் ஓடி நின்றது.

"அவள் நல்ல பிள்ளை," என்றார் அம்மா. குரல் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. "மிகவும் நல்ல பிள்ளை."

"முதல் நாளே எனக்கு அப்படித்தான் தோன்றியது, அம்மணி," என்றார் பொலிஸ்காரர். அதைச் சொல்ல அவருக்கு மூன்று வாரம் பிந்திவிட்டது.

கார் போன பிறகு, கொஞ்சம் பொறுத்து முன்வாசலால் உள்ளே போனேன். அம்மா பாணை வாங்கிப் பார்த்தார். "ஏன் இப்பிடிச் சப்பளிஞ்சு கிடக்கு?"

"விழுந்திட்டுது அம்மா."

"ம்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பாணை வெட்டத் தொடங்கினார். அன்று மாலை உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றினார். எங்களுடையது மின்சார அடுப்பு, அதில் மிளகாய் வெடிக்காது. அதனால் வீட்டுக்காரர் பின்வளவில் விட்டுப்போன இறைச்சி வாட்டும் அடுப்பை மூட்டி அதில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தும்மிவிட்டுப் போனார்.

லைசென்ஸ் நாலாம் நாள் வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்ததும் செயலாளருக்கு ரெலிபோன் எடுத்தேன். அப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்து, "ம்" என்றார். அம்மா வாங்கிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவின் பயம் தொடங்கியது. நான் தெருவைக் கடந்தால் யன்னலில் நின்றார். தும்மினால் நெற்றியைத் தொட்டார். ஒருநாள் நான் குளியலறையில் அதிக நேரம் இருந்தேன் என்று கதவைத் தட்டினார். விமான நிலையத்தில் என் அணியின் மற்றப் பிள்ளைகள் தாய்மாரைக் கட்டிப்பிடித்து, வென்று வருகிறோம் என்றார்கள். அம்மா என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு, "கவனம்," என்றார்.

போட்டியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நான் மண்டபத்தில் வளர்ந்தவள். ஆல்பனியில் நாலைந்து தடவை சுட்டுப் பழகியதெல்லாம் அந்தச் சமவெளிக் காற்றின் முன்னால் செல்லவில்லை. வடமேற்கிலிருந்து வெக்கையாக அடிக்கும், கொடி ஒரு பக்கம் ஆடும், நான் அதற்கேற்பக் குறியைத் தள்ளி வைத்துச் சுடும்போது மறுபக்கம் திரும்பியிருக்கும். முதல் நாள் ஆறுகளும் ஏழுகளும். இரண்டாம் நாள் அழுகையை அடக்கிக்கொண்டு சுட்டதில் இன்னும் மோசம். பிறகு நான்கு வருடம் சுட்டேன், காற்றையும் ஒருவழியாகப் படித்தேன், பல்கலைக்கழகப் பரீட்சைகள் வந்து எல்லாவற்றையும் நிறுத்தும்வரை நன்றாகவே சுட்டேன். ஆனால் அவ்வளவு கேவலமாக அதற்கு முன்னும் சுடவில்லை, பின்னும் சுடவில்லை. செயலாளர் என்னை அழைத்துப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். திரும்பும் விமானத்தில் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா தன் வாயால் அத்தனை சொல்லியும் நான் கொண்டுபோவது இதுதானா என்றிருந்தது.

அம்மா வேலை உடுப்போடு வருகைக் கூடத்தில் நின்றார். என்னைக் கண்டதும் ஓடி வந்து, இரண்டு கையையும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தடவினார். பிறகு கன்னம், நெற்றி. எல்லாம் இருந்தது.

"எத்தினையாவது?" என்றார். அம்மா என்னிடம் நேரே கேட்ட முதல் எண் அது.

"பதினேழாவது."

"எத்தினை பேரிலை?"

"பத்தொன்பது." சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா கண்களை மூடினார். கிழமைக்கணக்காக அடைத்து வைத்திருந்ததுபோல ஒரு மூச்சு வெளியே போனது.

"அப்பாடா," என்றார். "அதோடை போச்சுது, பிள்ளை. அதோடை போய்த் துலையட்டும்."

எனக்கு ஒரு கணம் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த கணம் விளங்கியது. அவர் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு ஏதோ ஒன்றை இழந்தாக வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். போனது புள்ளிகள். பிள்ளை முழுசாக வந்து நிற்கிறாள். அம்மா சிரித்தார், வாய்விட்டு, பல் தெரிய. சுற்றிவர வென்று வந்த பிள்ளைகளின் தாய்மார் நின்றார்கள். அவர்களில் ஒருவர் முகத்திலும் அவ்வளவு சந்தோசத்தை நான் காணவில்லை. அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

அப்பா துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார். லைசென்ஸ் என் பெயரில் இருப்பதால் அதை நான்தான் தூக்க வேண்டும் என்று மறுத்துவிட்டேன். மற்றக் கையை அம்மா கார் வரைக்கும் விடவில்லை.